கடப்பாரைக்கு முன் கருவி இறங்கட்டும்!

தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது. நாற்றம் தாங்க முடியவில்லை. ஆட்கள் வந்து ஒரு குழி தோண்டுகிறார்கள். குழாய் அங்கே இல்லை. நாலடி தள்ளி இன்னொரு குழி. அங்கேயும் இல்லை. மூன்றாவது குழியில் குடிதண்ணீர்க் குழாய் உடைகிறது!

இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். மண்ணுக்குள் இருக்கும் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று மேலே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

மறைந்துபோன வழி

சென்னை நகரின் பாதாளச் சாக்கடை 1910-ம் ஆண்டில் திட்டமிடப்பட்டது. 1961-ம் ஆண்டில் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று அன்று கணக்குப் போட்டார்கள். 2011-ம் ஆண்டிலோ நகரின் மக்கள்தொகை 46 லட்சத்தைத் தாண்டிவிட்டது!

நகரம் வளர வளர, ரோட்டின் மேல் ரோடு போடப்படுகிறது. சாக்கடை மூடிகள் அடியில் மறைந்துவிடுகின்றன. வழி தெரிந்த பழைய தொழிலாளி ஓய்வு பெற்றால், அந்த வழியும் அவரோடு போய்விடுகிறது.

மிதக்கும் கருவி

இந்த வழியைக் கண்டுபிடிக்க ஒரு சிறு கருவி இருக்கிறது. அதன் பெயர் ‘சோண்ட்’. பார்வைக்குச் சிறிய டார்ச் லைட் போல இருக்கும். தண்ணீர் புகாத உறைக்குள் ஒரு பாட்டரியும் கம்பிச்சுருளும் உண்டு. அது ஓயாமல் அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அதை ஒரு மிதவையோடு சேர்த்துக் கயிற்றில் கட்டிச் சாக்கடைக் குழாய்க்குள் விடுவார்கள். ஓடும் கழிவுநீர் அதை இழுத்துச் செல்லும். மேலே ஒருவர், அலையை வாங்கும் இன்னொரு கருவியோடு தெருவில் நடப்பார். சத்தம் எங்கே உச்சமாகக் கேட்கிறதோ, அதற்கு நேர் கீழே சோண்ட் இருக்கிறது! அங்கே ஒரு குறி போடுவார். கயிற்றை இன்னும் விட்டால் அடுத்த குறி. குறிகளைச் சேர்த்தால் குழாயின் பாதை தெரிந்துவிடும். எத்தனை அடி ஆழம் என்பதும் தெரியும். மிதந்து போனது ஓரிடத்தில் நின்றுவிட்டால், பெரும்பாலும் அடைப்பு அங்கேதான்.

நொடிக்கு 512 முறை துடிக்கும் அலை, இரும்புக் குழாயையும் தாண்டி மேலே வரும். மண் குழாய்க்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் நொடிக்கு 33 ஆயிரம் முறை துடிக்கும் அலை பயன்படுகிறது.

ஒரு சங்கடம் உண்டு. உண்மையான சத்தத்துக்கு முன்னாலும் பின்னாலும் சிறு பொய்ச் சத்தங்கள் கேட்கும். பழகாதவர் ஏமாந்துவிடுவார். எனவே, கருவி வாங்கினால் மட்டும் போதாது. தொழிலாளிக்குப் பயிற்சியும் தர வேண்டும்.

எது அதிகச் செலவு?

‘கருவிக்குப் பணம் எங்கே?’ என்று கேட்கலாம். வீணாகத் தோண்டிய ரோட்டை மீண்டும் போடப் பணம் வேண்டாமா? உடைந்த குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்து, குழந்தைகள் காலராவிலும் மஞ்சள் காமாலையிலும் படுத்தால் அதற்கு யார் செலவு செய்வது?

எல்லாவற்றுக்கும் மேலாக மனித உயிர்! பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் விஷவாயு உயிர்களைக் குடித்திருக்கிறது. அடைப்பு இருக்கும் இடத்தை மேலிருந்தே அறிய முடியும்போது, தேடிப் பார்க்க ஒரு மனிதனை ஏன் உள்ளே இறக்க வேண்டும்?

கண்டுபிடித்த பாதையை உடனே வரைபடத்தில் குறித்து வைப்பதும் அவசியம். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடியும் தேட வேண்டியதுதான்!

உங்கள் தெருவில் கடப்பாரையோடு ஆட்கள் வந்தால், அவர்களை அனுப்பிய அதிகாரியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கருவி வைத்துப் பார்த்தீர்களா, ஐயா?’ நாலு தெருவில் கேட்டால், ஐந்தாவது தெருவுக்குக் கருவியே முதலில் வரும்!