பூட்டிய பீரோவில் எட்டு இசைக்கவைகள்

எங்கள் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் அலுவலகத்துக்கு இதற்கு முன் மூன்று விண்ணப்பங்கள் கொடுத்திருக்கிறேன். ஒன்றைத் தபாலில் அனுப்பினேன். ஒன்றை நேரில் சேர்ப்பித்தேன். மூன்றாவதைத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்து ரசீதும் பெற்றேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்த பதில், மேற்படி பள்ளியின் ஆய்வகத்தில் உபகரணங்கள் யாவும் இருப்புப் பதிவேட்டின்படி நல்ல நிலையில் உள்ளன என்ற ஒரே வாக்கியம். அந்த வாக்கியம் உண்மையாக இருப்பதனால்தான், 32 ஆண்டுகள் பௌதிகம் போதித்து ஓய்வுபெற்ற நான், தங்களுக்குப் பகிரங்கமாக எழுத நேர்ந்தது.

என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, பதினோராம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவள் தாயார் தெருக்குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, அண்டை வீட்டாரோடு பேசிக்கொண்டே நிற்பார். குடம் கழுத்தளவு வந்ததும், திரும்பிப் பாராமலே கையை நீட்டிக் குழாயை மூடுவார். சென்ற ஆவணியில் ஒருநாள் அந்தப் பெண் என்னிடம் வந்து, "தாத்தா, குடத்துல தண்ணி நெறைய நெறைய சத்தம் ஏன் கீச்சுன்னு ஏறிக்கிட்டே போகுது?" என்று கேட்டாள். எத்தனையோ ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு, ஒரு மாணவி தானாகக் கேட்ட இப்படியொரு கேள்வி எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது தெரியும். குடத்துக்குள் எஞ்சியிருக்கும் காற்று குறுகக் குறுக, அதோடு ஒத்ததிரும் அலையின் நீளமும் குறுகி, அதிர்வெண் ஏறுகிறது என்ற விடையை நான் சொல்லவில்லை. என்னிடம் இருந்த 512 அதிர்வெண்ணுள்ள இசைக்கவையை அவள் கையில் கொடுத்து, நீயே கேட்டுப் பார் என்றேன்.

அவள் தகப்பனார் குழாய் வேலை செய்பவர். வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயில் முக்கால் மீட்டர் துண்டு ஒன்றைத் தண்ணீர் டிரம்மில் செங்குத்தாக அமிழ்த்தி, செருப்பின் ரப்பரில் தட்டிய கவையை அதன் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, குழாயை மெல்ல மெல்ல உயர்த்தினாள். நீர்மட்டத்துக்கு மேல் 15.8 சென்டிமீட்டர் வந்தபோது, அதுவரை காதருகே கொண்டுபோனால் மட்டுமே கேட்ட நாதம், திண்ணை முழுவதும் நிறைந்துவிட்டது. திடுக்கிட்டுக் கையை எடுத்தவள், பிறகு சிரித்தாள். 50.1 சென்டிமீட்டரில் அந்த நாதம் மறுபடியும் எழுந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமாகிய 34.3 சென்டிமீட்டர் அரை அலைநீளம். அதை இரட்டித்து 512-ஆல் பெருக்க, ஒலியின் வேகம் வினாடிக்கு 351 மீட்டர் என்று வந்தது. அன்று நிழலில் 34 டிகிரி வெப்பம். பூஜ்ய டிகிரியில் 331 மீட்டராக இருக்கும் வேகம், டிகிரிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் வீதம் ஏறும் என்ற கணக்குக்கு இது எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அளவுகளை அவள் தன் செய்முறைப் பதிவேட்டில் எழுதி, எங்கே, எந்தக் குழாயில், எவ்வளவு வெப்பத்தில் அளந்தாள் என்பதையும் குறித்துப் பள்ளிக்கு எடுத்துச் சென்றாள். மறுநாள் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. அதைக் கிழித்துவிட்டு, சென்ற ஆண்டு மாணவன் ஒருவனின் பதிவேட்டிலிருந்து 16.1 என்றும் 50.0 என்றும் பார்த்து எழுதச் சொன்னார்கள். வகுப்பில் எல்லாருடைய பதிவேட்டிலும் அதுவே இருக்கிறது, வேகமும் ஒரே மாதிரி 347 என்று இருக்கிறது. "நான் அளந்ததை அடிச்சிட்டு, இதை எழுதச் சொல்றீங்களே சார், இதை யார் அளந்தாங்க?" என்று அவள் கேட்டதற்கு, வாயாடுகிறாள் என்று பெற்றோரை வரவழைத்தார்கள். தகப்பனார் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போய், கைகட்டி நின்று, மகளுக்காக மன்னிப்புக் கேட்டு வந்தார்.

நான் அந்தப் பள்ளிக்குப் போனேன். இளைஞரான ஆசிரியர் பண்போடுதான் பேசினார். அவரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் இதை எழுதவில்லை. ஆய்வகத்துப் பீரோவின் சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது. எது உடைந்தாலும் தணிக்கையில் கேள்வி வரும், தம் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று அஞ்சுகிறார் அந்த ஆசிரியர். என் முதிய வயதுக்கு இரங்கிச் சாவியை வாங்கி வந்து திறந்து காட்டினார். மரப்பெட்டியில், நீல வெல்வெட்டுப் பள்ளங்களில், 256 முதல் 512 வரை எட்டு இசைக்கவைகள், வந்த நாளில் சுற்றியிருந்த எண்ணெய்க் காகிதம் பிரிக்கப்படாமல் படுத்திருந்தன. அவற்றைத் தட்டுவதற்கான ரப்பர் சுத்தியல் மட்டும், தொட்டவுடன் என் விரலில் பொடியாக உதிர்ந்தது. சுரமானியின் கம்பி ஒருமுறையும் முறுக்கேற்றப்படவில்லை. இந்தக் காட்சியைத்தான் உங்கள் அலுவலகம் நல்ல நிலை என்று எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறது.

ஒலியைப் பற்றிய சாஸ்திரத்தை வாய்ப்பாடாக மனனம் செய்வித்துவிட முடியும் என்று எண்ணுகிறவர், ஜலதரங்கக் கிண்ணத்தையும் தண்ணீர்க் குடத்தையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கிண்ணத்தில் நீர் ஏற ஏற, தட்டினால் எழும் சுருதி இறங்குகிறது. குடத்தில் நீர் ஏற ஏறச் சுருதி ஏறுகிறது. ஒன்றில் அதிர்வது நீரின் பாரத்தைச் சுமந்த கிண்ணம், மற்றொன்றில் அதிர்வது நீருக்கு மேல் நிற்கும் காற்று. இந்த முரணில் ஒரு குழந்தை பத்து நிமிஷம் திகைத்து நின்றால் போதும், பிறகு வாழ்நாளில் அதை மறக்காது. பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியும், தீப்பெட்டிகளுக்கிடையே நூலை இழுத்துக் கட்டித் தொலைபேசி பேசியும் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, பாதிப் பாடம் பள்ளிக்கு வருமுன்பே வந்துவிடுகிறது. 1888-ல் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. ராமன், ஒளியின் சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, மிருதங்கத் தோலின் நடுவே அப்பும் கரணை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து, வெறுந்தோல் முழவுக்கு வாய்க்காத இசைவான மேற்சுரங்களை அது தருகிறது என்று 1920-ல் உலகத்துக்குச் சொன்னார். எல்லார் கண்முன்னும் கச்சேரி மேடையில் இருந்த ஒரு வாத்தியத்தை ஏன் என்று கேட்டார். எங்கள் தெருப் பெண்ணும் குடத்தைப் பார்த்து அதையேதான் கேட்டாள். அவளுக்குக் கிடைத்தது சிவப்புக் கோடு.

ஐயா, இதைச் சிறிய விஷயம் என்று நீங்கள் கருதலாம். ஒரு பெண்ணின் நோட்டில் ஒரு பக்கம்தானே போயிற்று என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் சொல்லவும் சொன்னார். போனது பக்கமன்று. தன் காதால் கேட்டதைப் பிரமாணமாகக் கொண்டவளைப் பார்த்து, நீ கேட்டது செல்லாது, யாரோ என்றோ எழுதியதே செல்லும் என்று ஒரு விஞ்ஞான வகுப்பு சொல்லிவிட்டது. அளக்காததை அளந்ததாக எழுதிக் கையெழுத்திட ஒரு வகுப்பு முழுவதையும் பழக்கிவிட்டது. இந்த அக்கிரமத்தை உங்களுக்கு மூன்று முறை தெரியப்படுத்தியும் பதிவேட்டைப் புரட்டி எனக்குப் பதில் எழுதினீர்களே, உங்கள் மனம் அதற்கு எப்படி இடம் கொடுத்தது? இசைக்கவை உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். அந்தத் தகப்பனார் கைகட்டி நின்றதை எந்தக் கணக்கில் எழுதப் போகிறீர்கள்?

ஒருநாள் அந்தப் பள்ளிக்கு வாருங்கள். பீரோவைத் திறக்கச் சொல்லி, எண்ணெய்க் காகிதத்தை உங்கள் கையாலேயே பிரித்து, கவைகளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். உடைவதற்கும் தேய்வதற்கும் இனி ஆசிரியரைப் பொறுப்பாக்குவதில்லை என்று அவர் முன்னிலையில் எழுதிக் கொடுங்கள். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் கேட்ட கேள்விக்கு, அந்த 16.1-ஐ அளந்தவர் யார் என்ற கேள்விக்கு, நீங்கள் விடை சொல்லுங்கள். கிழிக்கப்பட்ட தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் ஒருவர்