படிக்கட்டு குடோன் அல்ல

2022 மே 13 அன்று மாலை, டெல்லி முண்ட்காவில் ஒரு வணிகக் கட்டடம் தீப்பற்றியது. கண்காணிப்பு கேமரா நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் உள்ளே இருந்தார்கள். ஏறவும் இறங்கவும் இருந்தது ஒரே குறுகிய படிக்கட்டு. கண்ணாடியை உடைத்துக் கயிற்றைப் பிடித்து இறங்கியவர்கள் பிழைத்தார்கள். 27 பேர் மாண்டார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று அந்தக் கட்டடத்துக்கு இல்லை என்பது பிறகு தெரியவந்தது.

பிறகு தெரியவந்தது என்று எழுதவே மனம் கூசுகிறது. வழி ஒன்றுதான் என்பது அந்தப் படிகளில் தினமும் நடந்த அத்தனை பேருக்கும் முன்பே தெரியும்.

பணியிட ஆபத்துகளில் பல இப்படிக் கண்ணெதிரே கிடப்பவைதான். மாடிப்படியில் அடுக்கிய அட்டைப் பெட்டிகள். விளம்பரப் பலகையால் மூடிய ஜன்னல்கள். அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று கழற்றிவிட்டு, அதிக ஆம்பியரில் மாட்டிய எம்சிபி. இந்தக் கடைசித் தவறின் விளைவு மட்டும் சுவருக்குள் மறைந்து நடப்பது. வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் போனால் நிறுத்துவதுதான் எம்சிபியின் வேலை. அதை மட்டும் பெரிதாக்கினால் மின்தடை நின்றுவிடும். பழைய வயரோ உள்ளே சூடேறிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது பூட்டு. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியின் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. துணி திருடிவிடுவார்கள் என்று, பையைச் சோதித்து ஒரே வாசலால் அனுப்பும் வழக்கம் அங்கே இருந்தது. 2012 நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் ஆலை எரிந்து 110-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் பூட்டிய கதவுகளே வழிமறித்தன. அபாய மணி ஒலித்த பிறகும் மேலாளர்கள் வேலையைத் தொடரச் சொன்னதாகத் தப்பியவர்கள் கூறினார்கள்.

திருட்டுப் பயத்தில் பின்வாசலைப் பூட்டும் பழக்கம் நம் கடைவீதிகளிலும் உண்டு. உள்ளிருந்து கம்பியைத் தள்ளினாலே திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத, திறந்தால் மணியடிக்கிற கதவுகள் சந்தையில் கிடைக்கின்றன. சரக்கும் பத்திரமாக இருக்கும், ஆட்களும் தப்பலாம். இதற்குப் பிறகும் பூட்டுத்தான் வேண்டும் என்பவரிடம் அரசு கண்டிப்புக் காட்டியே ஆக வேண்டும்.

சிறு வியாபாரிகளால் செலவு தாங்க முடியாது என்பார்கள். இரண்டாவது படிக்கட்டு கட்டப் பணம் வேண்டும்தான். அதற்கு அவகாசம் தரலாம், அதுவரை மேல்மாடிகளில் ஆட்களைக் குறைக்கச் சொல்லலாம். பெட்டிகளைப் படியிலிருந்து எடுக்க ஒரு பையனின் அரை மணி நேரம் போதும்.

சட்டம் இல்லாமலில்லை. ஆய்வு அறிக்கை கோப்புக்குள் கிடப்பதே குறை. 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தின் ராணா பிளாசாவில் விரிசல் கண்டதும், அதே கட்டடத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. தையல் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்துவது. 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகள் சோதிக்கப்பட்டு, எந்த ஆலையில் என்ன குறை, எது சரிசெய்யப்பட்டது என்பதெல்லாம் யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன. பூட்டக்கூடிய மடக்குக் கதவுகள் கழற்றப்பட்டன. ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் தொழிலாளிக்குக் கிடைத்தது.

தமிழ்நாட்டுக்கும் இது வேண்டும். 2017 மே 31 அன்று அதிகாலை சென்னை தி.நகரில் ஒரு ஜவுளிக் கடை பற்றி எரிந்து, கட்டடத்தையே இடிக்க நேர்ந்தது. கடை திறந்திருந்த நேரமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. கடைசி ஆய்வு எப்போது, கண்ட குறை என்ன, எந்தத் தேதிக்குள் தீர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு பெரிய கடையின், ஆலையின், அலுவலகத்தின் வாசலிலும் தமிழில் எழுதி வைக்க அரசு ஆணையிட வேண்டும். குறையைச் சுட்டிக்காட்டும் ஊழியரின் சம்பளத்திலும் வேலையிலும் கை வைக்கக் கூடாது. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் வாரங்களில்தான் படிக்கட்டுகள் அடைபடுகின்றன. ஆய்வாளர்கள் அப்போதே, சொல்லாமல் கொள்ளாமல், கூட்டம் நிரம்பிய மாலை ஏழு மணிக்கு வர வேண்டும்.