மந்தர ஒலியும் மடியிலுள்ள பணமும்

இசையின் இனிமை எங்கே தங்கியிருக்கின்றது என்று வினவினால், பாடகரின் குரலிலே என்பர் முதியோர். தாளத்தின் முழக்கத்திலே என்பர் இளையோர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. கிழக்கிலங்கையின் அம்மன் கோயிற் சடங்குகளிலே பறையும் உடுக்கும் முழங்கும்போது, அவ்வொலியை நாம் காதினால் மாத்திரம் கேட்பதில்லை, நெஞ்சினாலும் கேட்கின்றோம். உடலையே மெல்ல அதிரச் செய்யும் அந்த அடியொலியைத்தான் இக்கால இளைஞர் 'பேஸ்' என்று வழங்குகின்றனர். நாம் அதனை மந்தர ஒலி என்போம். ஆகவே, மகன் பேஸ் மிகுந்த பாட்டை விரும்புகின்றான் என்று பெற்றோர் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. பறைக்கும் மத்தளத்துக்கும் மயங்கிய செவிகளின் வழித்தோன்றலே அவன்.

தொலைபேசிக்கென வாங்கிய சிறு இயர்போனிலே காலங்கழித்த மாணவர், சிறிது பணம் சேர்ந்ததும் நல்லதொரு ஹெட்போன் வாங்க எண்ணுகின்றனர். "பேஸ் நன்றாய் இருக்கவேண்டும், விலையும் கைக்கு அடங்கவேண்டும்" என்பதே அவர்களது வேண்டுகோள். நகரத்தார்க்கு இது சிறு காரியம். ஈச்சிலம்பற்று போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு அவ்வாறன்று. மூதூருக்கோ திருகோணமலைக்கோ சென்று வாங்கிய பொருள் மனத்துக்கு ஒவ்வாதாயின், அதை மாற்றுதற்கு இன்னுமொரு பகலும் பேருந்துக் கட்டணமும் செலவாகும். இணையவழி வருவித்தாலோ, முன்னதாகக் காதில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பே கிடையாது. வயலிலும் கடலிலும் உழைத்துத் தந்தையர் தரும் பணம் இருமுறை செலவழிப்பதற்குரியதன்று. ஆதலின், எதனைப் பார்த்து வாங்குவது என்பதை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

ஹெட்போன் நேற்றுத் தோன்றிய பொருளன்று. 1910 ஆம் ஆண்டளவிலே, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தவரான நதானியல் போல்ட்வின் என்பார் செய்தளித்த கருவிகளை அந்நாட்டுக் கடற்படை வாங்கிப் பயன்படுத்தியது. அவை செய்தி கேட்பதற்கானவை. இசை கேட்பதற்கென்றே அமைந்த ஸ்டீரியோ ஹெட்போனை 1958 இல் ஜோன் கொஸ் அறிமுகஞ் செய்தார். 1979 இல் சோனி நிறுவனத்தின் வோக்மன் வெளிவந்தது. வீட்டுக்குள் இருந்த இசை வீதிக்கு வந்தது. ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி அயலவரெல்லாம் கூடியிருந்து கேட்ட காலம் போய், ஒவ்வொருவரும் தத்தம் செவிக்குள்ளே தனியரங்கு அமைத்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. தனியரங்கு ஆனபடியால், ஒலி மிகுந்துவிட்டதென்று சொல்ல அங்கே அயலவரும் இல்லை. இதனைப் பின்னர் விரித்துரைப்பேன்.

மந்தர ஒலி என்பது யாது? நலமுள்ள இளஞ்செவி, செக்கனுக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்கவல்லது. இவ்வதிர்வுகளின் எண்ணிக்கையையே மீடிறன் என்றும், அதன் அலகை ஹேர்ட்ஸ் என்றும் விஞ்ஞான மாணவர் படிக்கின்றனர். ஏறத்தாழ 250 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டனவெல்லாம் மந்தர ஒலிகள். பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸில் அதிர்கின்றது. அவ்வொலியின் அலைநீளம் வளியிலே எட்டு மீற்றருக்கும் மேல்! எட்டு மீற்றர் நீளமான அலையை, உள்ளங்கையளவான ஒரு கிண்ணம் எவ்வாறு எழுப்புகின்றது?

விடை எளிது. ஹெட்போன் அந்த அலையை வெளியிலே பரப்ப வேண்டியதில்லை. அதனுள்ளே உள்ள மெல்லிய தகட்டுக்கும் நம் செவிப்பறைக்கும் இடையே அடைபட்ட சிறிதளவு காற்றை அழுத்தியும் தளர்த்தியும் விட்டாற் போதும். ஆனால், அக்காற்று அடைபட்டே இருக்கவேண்டும். வாசர் தேய்ந்த சைக்கிள் பம்பை மெதுவாக அழுத்தினால், காற்று பக்கவழியாய்க் கசிந்துவிடும்; விரைந்து அடித்தாற் சிறிதளவாவது ரியூப்புக்குள் ஏறும். மந்தர ஒலியின் அசைவு மெதுவானது. ஆதலால், காதுக்கும் மெத்தைக்கும் இடையே சிறு இடைவெளி இருப்பினும் முதலில் தப்பியோடுவது பேஸ்தான்.

இந்த ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொண்டால், வாங்கும் வேலையிற் பாதி முடிந்துவிட்டது. பேஸ் என்பது பெட்டியின் மேல் அச்சிட்ட சொல்லிலே இல்லை. காதோடு மெத்தை பொருந்தும் பொருத்தத்திலே இருக்கின்றது. மூக்குக் கண்ணாடி அணிவோர்க்கு அதன் காலினாலும், அடர்ந்த கூந்தல் உடையார்க்கு மயிரினாலும் இடைவெளி உண்டாகும். ஹெட்போனை அணிந்து பாட்டைக் கேட்டுக்கொண்டே இரு கிண்ணங்களையும் கைகளால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று பெருகுமாயின், அது உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை என்று அறியலாம். காதுத் துளைக்குள் செருகும் வகையாயின், அதனோடு சிறிது, நடு, பெரிது என மூன்றளவில் வரும் ரப்பர் முனைகளை ஒவ்வொன்றாய் மாற்றிப் பார்த்தல் வேண்டும். பலர் பெட்டியிலிருந்து எடுத்தபடியே அணிந்துவிட்டு, பேஸ் இல்லையென்று குறைகூறுகின்றனர். இரு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்ற நியதியும் இல்லை.

வீட்டிலே பழைய ஹெட்போன் ஒன்று இருந்து, அதன் மெத்தை வெடித்து உதிர்ந்து போயிருந்தால், முதலில் மெத்தையை மாற்றிப் பாருங்கள். இழந்த பேஸ் பெரும்பாலும் திரும்பிவிடும். புதியது வாங்கும் செலவிலே சிறு பங்குதான் அதற்கு ஆகும்.

அடுத்ததாக, பேஸின் அளவு வேறு, தரம் வேறு. மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன்னர் தொப்பிப் பக்கத்திலே ரவையைப் பிசைந்து ஒட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கனத்த தொனி பிறப்பது அதனால்தான். ஆயினும் அவர் அளவறிந்தே அப்புகின்றார். மிகையாய் அப்பினால் நாதம் மழுங்கி மத்தென்று ஒலிக்கும். மலிவான ஹெட்போன் செய்வோர் சிலர் இந்த அளவறியாமலே ரவையை அப்பிவிடுகின்றனர். மெய்யான ஆழத்துக்குரிய 40, 50 ஹேர்ட்ஸ் பகுதியை விட்டுவிட்டு, அதற்கு மேலுள்ள 100 முதல் 200 ஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியைப் பெருக்கி வைக்கின்றனர். முதன்முறை கேட்கும்போது அது பிரமாதமாய்த் தோன்றும். அரைமணி நேரங் கழிந்ததும், பாடகர் குடத்துக்குள்ளே தலையை விட்டுப் பாடுவதுபோலாகித் தலையும் கனக்கும்.

தரத்தை அறிவதற்கு ஒரு வழி சொல்வேன். கடைக்குப் போகும்போது நன்கு பழகிய பாட்டொன்றைத் தொலைபேசியிலே எடுத்துச் செல்லுங்கள். இளையராஜாவின் பாடல்கள் பலவற்றிலே பேஸ் கிற்றார் அடியில் ஒரு தனி மெட்டே பாடிச் செல்லும். 1992 இல் 'ரோஜா' படத்தின் மூலம் அறிமுகமான ஏ. ஆர். ரகுமானின் பாடல்களிலும், கீத் பீற்றர்ஸ் போன்ற பேஸ் கிற்றார்க் கலைஞரின் கைவண்ணத்தைக் கேட்கலாம். அத்தகைய பாட்டிலே அடிச்சுரங்கள் ஏறுவதும் இறங்குவதும் வேறுவேறாய்த் தெரிகின்றனவா? அடி விழுந்தவுடன் ஒலி நிற்கின்றதா, அன்றி ஊதிக்கொண்டே கிடக்கின்றதா? அதே வேளை பாடகரின் சொற்கள் தெளிவாய்க் கேட்கின்றனவா? இம்மூன்றுக்கும் நல்விடை கிடைத்தால், அது நல்ல பொருள். கடைக்காரர் தாமே போட்டுக் காட்டும் பாட்டைக் கொண்டு தீர்மானித்தல் கூடாது.

பெட்டியிலுள்ள எண்கள் சிலருக்கு மயக்கந் தரும். '20 முதல் 20,000 ஹேர்ட்ஸ்' என்பது எல்லாப் பெட்டிகளிலும் இருக்கின்றது. அதனால் அறியக்கூடியது சொற்பம். தகட்டின் விட்டம் 50 மில்லிமீற்றர் என்று பெருமை பேசுவதையும் பொருட்படுத்த வேண்டாம். ஒலிப்பதிவுக் கூடங்களிலே பெரிதும் பயன்படும் சோனி எம்.டி.ஆர். 7506 இன் தகடு 40 மில்லிமீற்றர்தான். கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அது ஓம் அலகிலே குறிக்கப்படும் மின்தடை. 16 முதல் 32 ஓம் வரையுள்ளவற்றைத் தொலைபேசி எளிதில் இயக்கும். 250 ஓம் போன்றவை தனிக்கருவிகளோடு இணைப்பதற்கென அமைந்தவை. தொலைபேசியிலே அவை முனகும்.

கம்பியுள்ளதா, கம்பியில்லாததா என்பது அடுத்த கேள்வி. கம்பியில்லாததிலே மின்கலம், வானொலியலைக் கருவி ஆகியவற்றுக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றோம். ஆகவே, கையிலுள்ள தொகை பத்தாயிரம் ரூபாவாயினும் இருபதாயிரமாயினும், அதே தொகைக்குக் கம்பியுள்ளதில் ஒலித்தரத்துக்கென மிகுதியான பங்கு சென்று சேரும். மின்கலம் தளர்ந்து போகும் என்ற கவலையும் இல்லை. ஆனால், உங்கள் தொலைபேசியிலே அதற்குரிய துளை உண்டா என்று முதலிற் பாருங்கள். இல்லாவிடின் சிறு இணைப்புக்கருவியின் விலையையும் கணக்கிலே சேர்க்கவேண்டும்.

எடுத்துக்காட்டாய் இரண்டு சொல்லலாம். ஓடியோ-ரெக்னிக்கா நிறுவனத்தின் எம் வரிசையிலே எம்20எக்ஸ் விலை குறைந்தது. மூடிய கிண்ணமும் கம்பியும் உடையது. 1984 முதல் விற்பனையிலுள்ள கொஸ் போர்ட்டா புரோ, இலேசானது. இதமான பேஸ் தருவது. ஆயினும் அதன் மெத்தை திறந்த நுரைப்பஞ்சு ஆதலால், வீட்டுத் திண்ணைக்கே ஏற்றது, பேருந்துக்கு ஏற்றதன்று. வாங்க எண்ணும் எதனையும் இத்தகைய நன்கறியப்பட்ட பொருள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர்பெற்ற பொருள்களுக்குப் போலிகள் உண்டு. உத்தரவாதச் சீட்டுத் தராத கடையிலே மிகக் குறைந்த விலையைக் கண்டு மயங்கவேண்டாம்.

காசில்லாமற் செய்யக்கூடிய சீர்திருத்தம் ஒன்றும் இருக்கின்றது. தொலைபேசிகள் பலவற்றிலே 'ஈக்குவலைசர்' என்னும் ஒலிச்சீராக்கி உண்டு. பேஸ் வேண்டுவோர் அந்தப் பகுதியை மேலே தள்ளுவதே வழக்கம். அதனால் ஒலி உடைந்து கரகரக்கும். பேஸை இருந்தபடி விட்டு, நடுவொலியையும் மேலொலியையும் சிறிது தாழ்த்திப் பாருங்கள். பேஸ் தானே மேலெழுந்து நிற்கும், உடைவதும் இல்லை.

இனி, பின்னர் சொல்வேன் என்று விட்ட செய்திக்கு வருவோம். 1933 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒலி மெலிந்திருக்கும்போது நம் செவி மந்தர ஒலிகளை மிகக் குறைவாகவே உணர்கின்றது என்று காட்டிற்று. ஒலியைக் கூட்டினாற் பேஸ் மற்றவற்றினும் விரைவாய்ப் பெருகித் தோன்றும். பேஸ் பிரியர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதன் காரணம் இதுவே. பேருந்திலே இன்னும் மோசம். அதன் இயந்திர இரைச்சலும் மந்தர ஒலியே ஆனபடியால், பாட்டின் பேஸை அது மறைத்துவிடுகின்றது; இளைஞனின் விரல் தன்னையறியாமலே ஒலியை உயர்த்துகின்றது. உயர்வது பேஸ் மாத்திரமன்று. கூரிய மேலொலிகளும் உடன் உயர்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபெல் அளவிலே வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபெலாயின் வாரத்துக்கு 4 மணி நேரந்தான். பத்து டெசிபெல் கூடியதும் நாற்பது நான்காகிவிட்டது! உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பாட்டை நிறுத்தியபின் காதிலே 'கீ' என்ற இரைச்சல் கேட்குமாயின், அஃது அக்கலங்களின் முறையீடு என்று கொள்க. தொலைபேசியின் ஒலியளவை அறுபது வீதத்துக்கு மேலே ஏற்றாதிருப்பது நல்ல விதி.

நன்கு பொருந்தும் மூடிய ஹெட்போனை நான் வற்புறுத்துவதன் உட்பொருள் இப்போது விளங்கும். அது பேஸை வெளியே விடாது. இரைச்சலை உள்ளே விடாது. அதனால் ஒலியைத் தாழ்த்தி வைத்தும் நிறைவாய்க் கேட்கலாம். எனினும், வீதியில் நடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் அதனை அணிதல் ஆகாது. பின்னால் வரும் வாகனத்தின் ஒலியும் வெளியேதான் நின்றுவிடும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை ஹெட்போன் கேட்டால், வீண்செலவென்று உடனே தள்ளிவிடாதீர்கள். மலிவான இயர்போனிலே முழு ஒலியும் வைத்துப் பேஸைத் தேடும் பிள்ளைக்கு, பொருத்தமானதொன்று வாங்கிக் கொடுப்பது அவன் செவிக்குச் செய்யும் காவலுமாகும். கேட்டறிதலை ஒரு செல்வமாய்ப் போற்றி, 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். வகுப்பிலே ஆசிரியர் சொல்வதும், வீட்டிலே தாய் அழைப்பதும், கோயிலிலே உடுக்கு ஒலிப்பதும் அதே செவியின் வழியேதான் வரவேண்டும். ஹெட்போன் பழுதானால் இன்னொன்று வாங்கலாம். செவிக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை.