காதைக் குறை சொல்லும் முன் பெட்டியைச் சோதியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதானவர்கள் இருந்தாலோ, நீங்களே அந்த வயதில் இருந்தாலோ பொறுமையாக முழுவதும் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். கேள்வியைப் பாதி படித்துவிட்டுப் பதில் எழுதும் பிள்ளைகளை 34 வருடம் திருத்தியவன் நான்.

ஒன்றரை வருடமாக என் மனைவிக்குக் காது மந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளிடமே சொன்னேன். பிள்ளைகளிடம் சொன்னேன். பக்கத்து வீட்டிலும் சொன்னேன். நான் சொன்னது தப்பு. குற்றம் என் பணத்தில் வாங்கி, என் கையால் ஹாலில் வைத்த பெட்டியில் இருந்தது. அதை எல்லோர் முன்னிலும் ஒப்புக்கொள்ளத்தான் இந்தப் பதிவு. அந்தப் பெட்டியை என் தலையில் கட்டிய வியாபாரத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று ஒரே ஒரு ஆசை. நல்ல பாட்டுச் செட்டு ஒன்று வாங்க வேண்டும். சின்ன வயதில் வீட்டில் ரேடியோ கிடையாது. பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கீழே நின்று கேட்டு வளர்ந்தவன். பெரிய கடைக்குப் போனேன். டை கட்டிய தம்பி ஒருவர் ஐந்து குட்டிப் பெட்டி, ஒரு பெரிய பெட்டி உள்ள ஹோம் தியேட்டரைப் போட்டுக் காட்டினார். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் 4000 வாட்ஸ். போட்ட பாட்டு முழுக்க டமால் டமால். "சார், நெஞ்சுல அடிக்குது பாருங்க" என்றார். அடித்தது. நான் மயங்கினேன். 32,000 ரூபாய்.

வீட்டில் டிவியோடு இணைத்தோம். முதல் வாரம் எல்லோருக்கும் குஷி. அப்புறம் தொடங்கியது. "என்னங்க, அந்தப் பொண்ணு இப்ப என்ன சொன்னா?" என்பாள். சொல்வேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும், "என்னங்க சொன்னான் அவன்?" ஒரு நாள் கோபத்தில், "காதுல பஞ்சா வெச்சிருக்க?" என்று கத்திவிட்டேன். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நான் நிம்மதி என்று நினைத்தேன். செய்தி நேரத்தில் அடுப்படிக்குப் போய்விடுவாள். சீரியல் நேரத்தில் கொல்லைப் பக்கம் போய்விடுவாள். புரியாத ஒன்றின் முன்னால் எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பாள்? வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளை சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டால், அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எந்த வாத்தியாராவது நினைப்பாரா? நான் நினைத்தேன்.

மகன் வற்புறுத்தி அவளைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனான். சோதனை செய்து வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். மேல் சுருதியில் மட்டும் வயதுக்கேற்ற சிறு குறைவு, இப்போதைக்கு மெஷின் தேவையில்லை என்றார் டாக்டர். கிளம்பும்போது, "வீட்டுல டிவி சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். "நல்லா அதிரும் டாக்டர்" என்றேன் பெருமையாக. அவர் சிரித்ததற்கு அர்த்தம் அப்போது புரியவில்லை.

புரிய வைத்தவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன். இப்போது மைக் செட் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் அவன்தான். வீட்டுக்கு வந்தவன் செட்டின் பின்பக்கம் டார்ச் அடித்து, "சார், இதைப் படிங்க" என்றான். பொடி எழுத்தில் ஒட்டியிருந்தது: மின்சாரத் தேவை 60 வாட். முன்பக்கம் 4000, பின்பக்கம் 60. "நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க, ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாதுன்னு" என்றான். எனக்குத் தலை குனிந்தது.

அந்த 4000 எப்படி வந்தது தெரியுமா? அதற்குப் பெயர் பி.எம்.பி.ஓ. மின்தேக்கியில் சேர்ந்த மின்சாரம் கண் இமைக்கும் நேரத்துக்குள் பீறிடும் உச்சத்தை எடுத்து, பெருக்க வேண்டியதையெல்லாம் பெருக்கிப் போடும் எண். இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான விதி அதற்குக் கிடையாது. யாரும் எதையும் அச்சடித்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற எண்; தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி அதுதான். அது பெரும்பாலும் சிறியதாக இருக்கும். சிறியதாக இருப்பதால் அட்டையில் பெரிதாகப் போட மாட்டார்கள்.

சரி, வீட்டுக்கு எத்தனை வாட் வேண்டும்? சாதாரணமாக எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பேச்சு சுமார் 60 டெசிபல். நடுத்தரமான ஒரு ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் தரும். ஒரு வாட்! நம் வீட்டு ஹாலில் பேச்சும் பாட்டும் கேட்க ஒன்றிரண்டு வாட்டே பெரும்பாலான நேரம் போதும். சக்தியை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்த எவனையும் 4000 என்று சொல்லி ஏமாற்ற முடியாது.

மாணவன் தன் பட்டறையிலிருந்து ஒரு ஜோடி பழைய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரையும் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் கொண்டு வந்தான். ஒவ்வொரு பெட்டியும் ஓர் அடி உயரம் இருக்கும். உள்ளே ஐந்தே கால் அங்குல வூஃபர் ஒன்று, ஓர் அங்குல ட்வீட்டர் ஒன்று. அவ்வளவுதான். "ஒரு வாரம் வெச்சுப் பாருங்க சார், பிடிக்கலேன்னா எடுத்துட்டுப் போயிடறேன்" என்றான்.

நான் லேசில் நம்புகிறவன் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே பரீட்சையை வைத்தேன். சொல்வதெழுதுதல்! பேத்தியை விட்டு 20 சொற்களைப் போனில் பதிவு செய்தேன். சட்டி, தட்டி, பட்டி. கலை, களை, கழை. வலி, வளி, வழி. பல்லி, பள்ளி. இப்படி. வாக்கியமாகச் சொன்னால் மூளை ஊகித்துக்கொள்ளும். தனிச் சொல்லில் ஊகம் செல்லாது. இரண்டு செட்டிலும் சத்தம் ஒரே அளவு இருக்கிறதா என்று மாணவன் போனில் அளந்து சரிசெய்தான். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே அதுதான் நல்ல செட்டு என்று காது ஏமாறுமாம். கடைக்காரர்கள் அறிந்த ரகசியம் அது. இரண்டாம் முறை சொற்களின் வரிசையை மாற்றினோம். அவளும் எழுதினாள், நானும் எழுதினேன்.

ஹோம் தியேட்டரில் அவள் வாங்கிய மார்க் 20க்கு 9. நான் வாங்கியது 8.

இன்னொரு முறை படியுங்கள். அவளைச் செவிடு என்று சொன்ன நான், அவளைவிட ஒரு மார்க் குறைவு. ஒன்றரை வருடமாக நானும் சரியாகக் கேட்கவில்லை, ஊகித்துக்கொண்டிருந்தேன். அவள் புரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னாள். நான் புரிந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தச் சின்னப் பெட்டிகளில் அவளுக்கு 17, எனக்கு 16.

காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று பிரித்தார்கள் நம் முன்னோர். உயிர் ஒலிக்குப் பலம் அதிகம். அதன் பலம் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்ணிலும் நடு அதிர்வெண்ணிலும் இருக்கும். ச, த, ட போன்ற மெய் ஒலிகளை அடையாளம் காட்டும் பகுதி மெல்லியது. அது மேல் அதிர்வெண்ணில் இருக்கும். கீழ்ச் சுருதியில் பலமான சத்தம் இருந்தால் அது மேல் சுருதியை மூடிவிடும். இது காதின் இயற்கை. என் ஹோம் தியேட்டரில் குட்டிப் பெட்டிகளுக்கு ட்வீட்டரே கிடையாது. ஆண் குரலின் அடிப்பகுதி சோபாவுக்குப் பின்னால் இருந்த பெரிய பெட்டியிலிருந்து கும்மென்று வந்தது. உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை. மெய் போனால் சொல் போச்சு. வயதானால் மேல் சுருதி தானாகவே குறையும். அந்தக் காதுக்குத் தெளிவைக் கூட்டித் தர வேண்டிய இடத்தில் நாம் அதிர்வைக் கூட்டித் தருகிறோம்.

இந்தச் சின்னப் பெட்டிக்கு ஒரு வாத்தியார் கதை உண்டு. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் என்பவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி பற்றிப் பாடம் நடத்தியவர். அப்போதெல்லாம் அடி ஒலி நன்றாகக் கேட்க வேண்டுமானால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். இறுக மூடிய சிறு பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்தலாம் என்று அவர் கண்டுபிடித்தார். தம்மிடம் படித்த ஹென்றி க்ளாஸ் என்ற மாணவரோடு சேர்ந்து 1954இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அலமாரியில் வைக்கும் அளவில் நல்ல ஸ்பீக்கர் என்பது அங்கிருந்துதான் பரவியது. அதே மனிதர் பின்னாளில் காது கேட்கும் கருவி ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். தெளிவாகக் கேட்க வைப்பதற்கு உழைத்தவர் அவர். நம் ஊர்க் கடைகள் நெஞ்சில் அடிக்க வைப்பதற்கு உழைக்கின்றன.

இங்கிலாந்தின் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் எல்.எஸ். 3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. உயரம் ஓர் அடிதான். நெருக்கமான இடத்தில் உட்கார்ந்து, அறிவிப்பாளரின் குரல் சரியாக இருக்கிறதா என்று அறிந்துகொள்ள அந்தச் சின்னப் பெட்டி போதுமானதாக இருந்தது.

பழைய செட்டைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். "கேட்டுப் பார்த்துதானே சார் வாங்கினீங்க? செட்டுல ஒண்ணும் இல்ல, எதுக்கும் காதைக் காமிங்க" என்றார்கள். நான் வீட்டில் சொன்ன அதே வசனம்! அங்கே கேட்டபோதுதான் அது எப்படிச் சுடும் என்று தெரிந்தது.

அந்தச் செட்டைப் பாதி விலைக்குத் தள்ளினேன். புது புக்ஷெல்ஃப் ஜோடி 14,000, சின்ன ஆம்ப்ளிஃபயர் 6,000. மொத்தம் 20,000. முன்பு கொடுத்ததைவிடக் குறைவு. இதுவரை அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன்:

1. பெயர்தான் புக்ஷெல்ஃப். புத்தக அலமாரிக்குள் திணிக்காதீர்கள். நான் முதலில் ஷோகேஸுக்குள் வைத்தேன். குடத்துக்குள் பேசுவது போல இருந்தது. இப்போது இரண்டு ஸ்டூல் மேல் நிற்கின்றன.

2. பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டியானால் சுவரை விட்டு ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். மூலையில் வைத்தால் கும்மென்ற சத்தம் கூடும்.

3. ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு பெட்டிக்கும் இடையே உள்ள தூரமும், உங்களுக்கும் பெட்டிக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும்.

4. வெறும் தரை, வெறும் சுவர் எதிரொலிக்கும். லீவு நாளில் காலியான வகுப்பறையில் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஜமக்காளமும் கனமான திரைச்சீலையும் ஆயிரக்கணக்கில் செலவு செய்வதைவிட நல்லது.

5. மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கும் ஒயர் வேண்டாம். மூன்று நான்கு மீட்டர் தூரத்துக்குத் தடிமனான சாதாரணச் செம்பு ஒயர் போதும். பிளஸ் மைனஸ் மாறாமல் இணையுங்கள். ஒரு பெட்டியில் மட்டும் மாறினால் அடி ஒலி காணாமல் போகும்.

6. கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டுக் குரலைப் போனில் பதிவு செய்து கொண்டு போங்கள். அதைப் போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

"சார், படம் பார்க்கும்போது குண்டு வெடிச்சா அதிர வேண்டாமா?" என்று இளைஞர்கள் கேட்பீர்கள். அதிரட்டும். நல்ல ஐந்து பெட்டிச் செட்டுகளும் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு புரிந்த பிறகு அதிரட்டும். அரிசியே இல்லாமல் அப்பளம் மட்டும் பரிமாறுவதா விருந்து?

காதைப் பரிசோதிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். உண்மையிலேயே குறை இருந்தால் மெஷின் வையுங்கள். கண்ணாடி போடுவது போலத்தான் அது. ஆனால் அதற்கு முன்பே "கிழவிக்குக் காது போச்சு" என்று வீட்டுக்குள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்தத் தீர்ப்பைக் கேட்டவர்கள் மேல்முறையீடு செய்ய மாட்டார்கள். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்கள்.

போன வாரம் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் பேப்பரில் மூழ்கியிருந்தேன். "என்ன சொன்னான்?" என்றேன். "காதுல பஞ்சா வெச்சிருக்கீங்க?" என்றாள். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளத்தானே வேண்டும்.

உங்கள் வீட்டிலும் சொல்வதெழுதுதல் வைத்துப் பாருங்கள். மார்க்கைக் கமெண்டில் போடுங்கள். முதலில் உங்கள் மார்க்கைப் போடுங்கள். வீட்டுக்காரம்மா மார்க் அப்புறம்.