வேலைக்குப் போகிற பிள்ளைக்குச் சிலப்பதிகாரம் எதற்கு?



போன வாரம் ஒரு காதுகுத்தில் பழைய மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, பொண்ணு பத்தாவது படிக்குது. நாளைக்கு ஒரகடத்துல கம்பெனிக்குப் போறவளுக்கு இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் போதாதா? சிலப்பதிகாரம் எதுக்கு?" பந்தியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2021 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்ட தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, ஆலையில் வேலை பார்த்த பெண்கள் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பலர் வெளியூர்ப் பிள்ளைகள்.

கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்கு வந்த வெளியூர்ப் பெண்தான். அரசன் முன்னால் நின்று நியாயம் கேட்டாள். கத்தியதோடு விடவில்லை. அரசியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்தே காட்டினாள். ஆதாரத்தோடு பேசினாள்!

அந்தப் பெண்கள் காப்பியம் படித்துவிட்டா உட்கார்ந்தார்கள் என்று கேட்பீர்கள். இல்லை, பசியும் பயமும் யாரையும் உட்கார வைக்கும். ஆனால் தட்டிக் கேட்பது இந்த மண்ணின் பழைய வழக்கம் என்று பதினைந்து வயதிலேயே தெரிந்த பிள்ளை, மேலதிகாரி முன்னால் கூனிக்குறுகாது.

குற்றம் எங்கள் மேலும் உண்டு. கதையைச் சொல்லாமல் மனப்பாடப் பகுதியாக்கி மதிப்பெண்ணுக்கு விற்றோம். உ.வே.சா. ஏடு தேடி அலைந்து 1892இல் அச்சேற்றியது அதற்காகவா?

தம்பி, ஞாயிற்றுக்கிழமை உன் மகளை அனுப்பு. உரையோடு படிப்போம். காபி என் செலவு.