இரண்டு என்றால் கூடுதலா, குறைவா?

பணியில் இருந்த கடைசி வருடங்களில் அலுவலகக் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஒரு மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடும் லினக்ஸ் சர்வர் படுத்துவிட்டது. பாதி மெமரி சும்மா கிடக்கிறது. ஆனால் எந்த புரோகிராமை ஓட்டினாலும் மெமரி இல்லை என்கிறது.

தேடிப் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த பையன் முந்தின நாள் மாலை கெர்னல் அமைப்பில் ஓர் எண்ணை மாற்றியிருந்தான். ஓவர்கமிட் மெமரி என்று பெயர். கையில் இருப்பதைவிடக் கூடுதலாக மெமரி தருவதாக புரோகிராம்களுக்கு வாக்குக் கொடுக்கலாமா என்பதை அது தீர்மானிக்கும். பெரிய ரிப்போர்ட் ஒன்று மெமரி போதாமல் நின்றதால், 0 என்று இருந்ததை 2 ஆக்கிவிட்டான். ஃபேன் ரெகுலேட்டர் கணக்கு!

அங்கேதான் சறுக்கல். 0 என்றால் 'கிடையாது' என்று பொருளில்லை. கெர்னல் தானே மதிப்பிட்டு, அநியாயமாகக் கேட்டால் மட்டும் மறுக்கும். 1 என்றால் யார் எவ்வளவு கேட்டாலும் சரி. 2 என்றால் கறார்: ஸ்வாப்பும் ராமில் பாதியும் சேர்ந்த அளவுக்கு மேல் தராது. (அந்தப் பாதியை மாற்ற இன்னோர் எண் உண்டு, அது வேறு கதை.) எங்கள் சர்வரில் ஸ்வாப் பெயருக்குத்தான் இருந்தது.

எழுத்து மூலம் விளக்கம் கேட்டேன். "எண் கூடினால் அளவும் கூடும் என்று நினைத்தேன் சார்" என்று எழுதிக் கொடுத்தான். கவனக்குறைவு என்று கோப்பில் குறித்துக் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு என்றால் போடமாட்டேன்.

நைஸ் என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். -20 இருப்பவனுக்கு முதல் மரியாதை, 19 கடைசி வரிசை. அதே கெர்னலில் ரியல் டைம் முன்னுரிமைக்கு 1 கடைசி, 99 முதல். சிஸ்ஆர்க்யூ இன்னும் வேடிக்கை. 0 வைத்தால் ஒன்றும் கூடாது, 1 வைத்தால் எல்லாம் செய்யலாம், 176 வைத்தால் மூன்றே மூன்று காரியம்தான்.

கையேட்டைப் படித்திருக்க வேண்டாமா என்பார்கள். எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் சந்தேகம் வந்தவன்தானே கையேட்டைத் திறப்பான்? 0, 1, 2 என்று வரிசையாக நிற்பதைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

எண்ணுக்குப் பதில் சொல் வைத்தால் போதும். ஹியூஜ் பேஜ் அமைப்பில் 'ஆல்வேஸ்', 'நெவர்' என்று சொல்லாகவே வைத்திருக்கிறார்களே, அதுவும் இதே கெர்னல்தான். பழைய எண்களை எடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டுகள் உடையும், ஒப்புக்கொள்கிறேன். எண் இருக்கட்டும், கூடவே சொல்லையும் ஏற்றுக்கொள்ளட்டும்.

அந்தப் பையன் இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான். கோப்பில் நான் எழுதியதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.