பாட்டியின் பெயர் என்ன?

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்களின் மைக்கோட்டுச் சித்திரங்களில் முக்காடிட்ட, கூன் விழுந்த கிழவி ஒருத்தி அடிக்கடி எதிர்ப்படுவாள். படத்தின் கீழே வரைந்தவர் பெயர் இருக்கும். அவளுக்கோ ‘முதிய பெண்’ என்ற குறிப்பு மட்டும்தான்.

அதே நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் மைக்கா தகடுகளில் வண்ணப் படங்கள் தீட்டினார்கள். வெள்ளைக்காரத் துரைமார் அவற்றை வாங்கிக் கப்பலேற்றினார்கள். சாதிக்கும் தொழிலுக்கும் ஒரு ஜோடியாக ஆணையும் பெண்ணையும் நிறுத்துவது வழக்கம். சேலைக் கட்டு, நகை, கையிலுள்ள கருவி எல்லாம் துல்லியமாக இருக்கும். அவர்கள் யார் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

பாரீஸில் ஓனோரே தோமியே (1808–1879) பத்திரிகைக்கு வரைந்து பிழைத்தவர். சுமார் 4000 கல்லச்சுப் படங்கள் போட்டார். மன்னரைக் கேலி செய்ததற்காக 1832இல் சிறை சென்றார். அவருடைய மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி ஓவியத்தில், மடியில் கூடையுடன் நடுவில் அமர்ந்திருப்பவள் ஒரு மூதாட்டி. பத்திரிகைக்கு உழைத்த கைதான் அவளை நடுவில் உட்காரவைத்தது.

நமக்கும் அப்படி ஒருவர் இருந்தார். துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஆதிமூலம், 1969 காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கறுப்பு வெள்ளைக் காந்தி வரிசையால் பெயர் பெற்றார். ஞானக்கூத்தனின் ‘அன்று வேறு கிழமை’ கவிதைத் தொகுப்பு அவர் கோடுகளோடு வந்தது. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஜூனியர் விகடனில் அவர் போட்ட படங்களில், கரிசல் மனிதர்களின் சுருக்கங்கள் கோட்டின் மேல் கோடாக எழுந்து வந்தன.

சிற்றிதழும் மைக்கோடும் சேர்ந்ததற்குக் காசும் ஒரு காரணம். ஈய எழுத்து கோத்து அச்சடித்த நாளில் புகைப்படத்துக்குப் புள்ளிகளிட்ட ஆஃப்டோன் பிளாக் வேண்டும். நல்ல தாளும் வேண்டும். கோட்டுச் சித்திரத்துக்கோ அமிலத்தில் அரித்தெடுத்த துத்தநாக லைன் பிளாக் போதும். மட்டமான தாளிலும் கறுப்பு கறுப்பாகவே விழும்.

ஆஃப்செட் வந்தது, அந்தத் தேவை போயிற்று. கூடவே கோடும் போனது பெரும் இழப்பு.

திருச்சி தில்லை நகரின் விளம்பரப் பலகைகளில் சிரிப்பவர்கள் இளையவர்கள். முதியவள் அங்கே வந்தாலும் நோயாளியாகத்தான் வருகிறாள். பக்கத்து உறையூரில் நெசவுக்குத் தார் சுற்றும் பாட்டியும், காந்தி மார்க்கெட்டில் கூறு கட்டி விற்பவளும், திருவரங்கத்து வீதியில் பூத்தொடுப்பவளும் இந்த நகரின் முகங்கள். அவர்களை இந்த நகரம் நின்று பார்க்க வேண்டும்.

ஆகவே அடுத்த இதழ் முதல் ஒரு முழுப் பக்கம் அவர்களுக்கு. வரையத் தெரிந்தவர்கள், முக்கியமாக மாணவர்கள், கறுப்பு மையில் வரைந்து அனுப்புங்கள். எதிரே உட்கார்ந்து, சம்மதம் கேட்டு வரையுங்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைய வேண்டாம். பாட்டி தம் பெயரை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே படத்தின் கீழே எழுதுங்கள். அச்சானதும் மூலப் படம் வரைந்தவரிடம் திரும்பும். இதழின் முதல் பிரதி அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போகும்.